கடிக்காத வாய்

முப்பத்தோரு வருடம் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்தவன் நான். மாட்டுக்கு ஊசி, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து, நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி. டாக்டர் வராத நாளில் டாக்டர் வேலையும் நான்தான். அதனால் மிருகங்களைப் பற்றி யாராவது கேட்டால், கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுகிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. பெமிலாவுக்கு நான் அப்படிச் சொன்ன பதில்களில் பாதிக்கு மேல் தப்பு. இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். தப்பை ஒத்துக்கொள்ள நேரம் நிறைய இருக்கிறது.

பெமிலாவுக்கு நாற்பத்தேழு வயது. சுசீந்திரத்துக்குக் கிழக்கே ஒரு தாமரைக் குளத்தின் கரையில் வீடு. வீட்டை ஒட்டி வலை அடித்த பெரிய கூடு. அதில் நூற்றெண்பது வாத்துகள். கணவன் ஞானசிங் பதினாறு வருடமாக மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். ஒரே மகள் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். கணவன் முதன்முதலாக விமானம் ஏறிய வருடம், சும்மா இருக்கப் பிடிக்காமல் இருபது குஞ்சு வாங்கினாள். இந்தக் கூட்டம் அதிலிருந்து பெருகி வந்தது. "அவங்க அனுப்புகது வீட்டுக்கு. இது எனக்க காரியம்" என்று சொல்வாள். அந்த 'எனக்க' என்ற சொல்லை அவள் அழுத்திச் சொல்வதைக் கேட்டால், அந்த வாத்துகளை வெறும் வாத்துகள் என்று நினைக்கத் தோன்றாது.

கன்னிப்பூ, கும்பப்பூ என்று எங்கள் பக்கம் நெல் இரண்டு போகம். அறுத்த வயலில் வாத்தை இறக்கிவிட்டால் உதிர்ந்த நெல்லையும் நத்தையையும் தின்றுவிட்டு எருவும் போட்டுவிட்டுப் போகும். வயல்காரனுக்கும் சந்தோஷம், வாத்துக்காரிக்கும் சந்தோஷம். அறுப்பு இல்லாத மாதங்களில் குளமும் கால்வாயும்தான். சாயங்காலம் ஆனால் வாத்துக்குக் கூட்டுக்குத் திரும்பத் தெரியும். ஆனால் நூற்றெண்பதில் ஏழெட்டு எப்போதும் சொன்ன பேச்சு கேட்காது. தாமரை இலைக்குள்ளும் கோரைக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். போகட்டும் என்று விட்டால் காலையில் இறகு மட்டும் மிச்சம் இருக்கும். கீரி, காட்டுப்பூனை, தெருநாய் என்று ஆள் மாற்றி ஆள் காத்திருக்கின்றன. அதனால் தினமும் பெமிலா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒவ்வொன்றாகப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவருவாள். வருடக்கணக்காக அப்படித்தான் நடந்தது.

முந்தின வருடம் கார்த்திகையில் நத்தை ஓடு காலைக் கிழித்தது. அவளுக்குச் சர்க்கரை உண்டு. புண் ஆறவில்லை, சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. இனி அந்தக் காலில் சேறும் குளத்துத் தண்ணீரும் பட்டால் அடுத்த தடவை விரலோடு நிற்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

மஸ்கட்டிலிருந்து ஞானசிங் வீடியோ காலில் வந்தான். நான் அவள் காலில் கட்டு மாற்றப் போயிருந்த நேரம், அதனால் என் காதிலும் விழுந்தது.

"எனக்க அம்மைக்கு முட்டுக்குக் கீழ கால எடுத்தத நான் பாத்திருக்கேன். இன்னொரு தடவ பாக்க எனக்குத் தெம்பு இல்ல. வாத்த வித்துப்போட்டு வீட்டுல இரி."

"வீட்டுல இருந்து என்ன செய்ய? சுவரப் பாக்கவா?"

அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன். கடைசியில் இறங்கிவந்து சொன்னான்: "செப்டம்பர்ல லீவுக்கு வருவேன். அதுவரைக்கும் தண்ணியில கால் வைக்காம உன்னால வாத்த வளக்க முடியும்னா வளத்துக்கோ. வந்து எனக்க கண்ணால பாக்கணும். முடியலன்னா வித்துருவேன், அப்போ மல்லுக்கு நிக்கக்கூடாது."

"செரி" என்றாள் பெமிலா.

எப்படி என்று அவளுக்கே தெரியாது. அந்த மாதங்களில் பக்கத்து வயல்காரர் கோலப்பன்தான் வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினார். ஒரு வாத்துக்கு ஒரு வசவு. அவர் வாயில் வருகிற வார்த்தைகளைக் கேட்டால் வாத்தே வெட்கப்பட்டுக் கரை ஏறிவிடும் என்று பெமிலா சொல்வாள். வயது அறுபத்தைந்து, முதுகுவலி. எத்தனை நாள் இறங்குவார்?

தை மாதம் ஒரு நாள் என்னிடம் வந்தாள். மடியில் செம்பட்டை நிறத்தில் ஒரு நாய்க்குட்டி, தாயைப் பஸ் அடித்துப் போட்டுவிட்டதாம். நாட்டு நாய்தான். கால் நீளம், காது இரண்டும் இன்னும் நிற்க முடிவு செய்யவில்லை.

"அண்ணாச்சி, இத வச்சு வாத்த எடுத்தோண்டு வர வைக்கலாமா?"

"எடுக்கும். எடுத்துத் தின்னும்" என்றேன், ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே. அவள் குட்டிக்குச் செம்பன் என்று பேர் வைத்திருப்பதாக மட்டும் சொன்னாள்.

குட்டியை அவள் வீட்டுக்குள் வளர்க்கவில்லை, வாத்துக் கூட்டுக்குள் வளர்த்தாள். குஞ்சுகளோடு ஒரே சாக்கில் அது தூங்கியது. தாய் வாத்துகள் மூக்கில் கொத்திக் கொத்தி மரியாதை கற்றுக்கொடுத்தன. மூன்று மாதத்தில் செம்பனுக்கு வாத்து என்றால் சாப்பாடு இல்லை, கொஞ்சம் கோபக்காரச் சொந்தக்காரர்கள் என்று ஆகிவிட்டது.

பிறகு செருப்புத் திருட்டு ஆரம்பித்தது. தெருவில் யார் வீட்டு வாசலில் செருப்பு கிடந்தாலும் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து பெமிலாவின் காலடியில் வைக்கும். காலையில் அவள் வாசலில் ஒற்றைச் செருப்புக்காரர்களின் கூட்டம் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்த போதகர் ஒரு காலில் செருப்போடு வீட்டுக்குப் போனார். ஊரே திட்டியது. பெமிலா மட்டும் அந்தச் செருப்பை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.

"பாருங்க அண்ணாச்சி, எங்கயாவது ஒரு பல்லுத் தடம் இருக்கா?"

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. இந்த வயசில் நாய்க்குட்டிகள் செருப்பைக் கடித்துக் குதறுவதைத்தான் முப்பத்தோரு வருடம் பார்த்திருக்கிறேன். இது, ஈரமாகக்கூட இல்லாமல், எடுத்து வந்து வைத்திருந்தது. அப்போதும் நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. "செருப்பு கத்தாது, வாத்து கத்தும்" என்று சொல்லி அனுப்பினேன்.

வைகாசியில் செம்பன் முட்டை தின்னப் பழகிவிட்டது. கூட்டில் இடுகிற முட்டையில் தினமும் நாலைந்து ஓடாகக் கிடந்தது. வாத்து வளர்க்கிற வீட்டில் முட்டை தின்கிற நாய்க்கு இடம் கிடையாது. என்ன செய்ய என்று கேட்டாள். இதற்கு எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே வைத்தியம்தான் சொல்வார்கள்: முட்டையை நன்றாக அவித்து, கொதிக்கக் கொதிக்க நாயின் வாயில் வைத்துத் தாடையை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஜென்மத்துக்கும் முட்டைப் பக்கம் போகாது. கோலப்பன் அதைத்தான் சொன்னார். படித்தவன், வேலையில் இருந்தவன், நானும் அதைத்தான் சொன்னேன். அவளுக்கு மனது வரவில்லை. நானே போய்த் தாடையைப் பிடித்தேன். அவள் முட்டையை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செம்பன் போட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. குளத்துத் தண்ணீர் வழிகிற கலுங்குக்கு அடியில் போய் இரண்டு நாள் படுத்துக் கிடந்தது. நாக்கிலும் மேலண்ணத்திலும் கொப்புளம். மருந்து போட்டுக் கொடுத்தேன். புண் ஆறியது. அதற்குப் பிறகு முட்டையை அது தொடவே இல்லை. செருப்பையும் தொடவில்லை. குச்சி, துணி, எலும்பு எதையும் வாயில் எடுக்கவில்லை. சோற்றைக்கூட வைத்துவிட்டு ஆள் தள்ளிப் போன பிறகுதான் நக்கியது. பெமிலா கையை நீட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டது.

அவள் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"உங்க பேச்சை ஒரே ஒரு தடவ கேட்டேன், அண்ணாச்சி. அதுதான் நான் செய்த தப்பு."

அவ்வளவுதான் சொன்னாள். என் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போனாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. செப்டம்பருக்கு மூன்றரை மாதம்தான் இருந்தது.

அடுத்த வாரம் கோலப்பன் என்னைத் தேடி வந்தார். "ஓய் தாணுலிங்கம், அந்தப் பிள்ளைக்குக் காலு மட்டுமில்ல, வேற எங்கயோ கொழப்பம் தட்டியிருக்கு. போய்ப் பாரும்" என்றார். போய்ப் பார்த்தேன். கூட்டுக்கு வெளியே தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மகளின் பழைய பள்ளிக்கூடக் காலுறைக்குள் வாத்து இறகைத் திணித்து முடிச்சுப் போட்டு, அதைத் தன் பல்லில் கவ்விக்கொண்டிருந்தாள். எதிரே பத்தடி தள்ளிச் செம்பன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. காலுறையைத் தரையில் வைப்பாள், குனிந்து வாயால் எடுப்பாள், மறுபடியும் வைப்பாள். போகிற வருகிற ஆட்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிரிக்கும் தகுதி எனக்கு இல்லை.

தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் இது நடந்தது. ஒரு நாளும் 'எடு' என்று சொல்லவில்லை. ஒரு நாளும் அதன் வாயருகே எதையும் கொண்டுபோகவில்லை. பத்தடி எட்டடி ஆனது, எட்டடி நாலடி ஆனது. பத்தொன்பதாவது நாள் அவள் காலுறையைக் கீழே வைத்த உடனே செம்பன் வந்து மூக்கால் தள்ளிப் பார்த்தது, குளிர்ந்திருக்கிறதா என்று சோதிக்கிற மாதிரி. பிறகு நுனிப்பல்லால் எடுத்தது. அன்று அவள் எனக்குப் போன் செய்தாள். "எடுத்துட்டு" என்று ஒரே வார்த்தை. எனக்குக் கண் கலங்கியது என்று சொல்ல வெட்கம் இல்லை.

எடுத்ததே தவிர, கொண்டுவரவில்லை. வாயில் வைத்துக்கொண்டு ஓடியது. இந்த இடத்தில்தான் எல்லோரும் நாயைக் கெடுப்பார்கள். பின்னால் துரத்துவார்கள், நாய் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடும். பெமிலாவால் துரத்த முடியாது, கால் அப்படி. அதனால் முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். யாரும் தன்னைத் துரத்தவில்லை என்று தெரிந்ததும் செம்பன் நின்றது. யோசித்தது. பிறகு காலுறையோடு அவள் பின்னால் ஓடிவந்தது.

"நான் ஓட முடியாதுல்லா அண்ணாச்சி, அதனால அதுதான் ஓடி வரணும்" என்றாள். நல்ல கால் உள்ள ஒருத்தர் இதை அந்த நாய்க்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

கொண்டுவந்ததை அவள் பிடுங்கவும் மாட்டாள். உள்ளங்கையை விரித்துக் கீழே வைப்பாள், செம்பன் தானாக விட வேண்டும். விட்டால் ஒரு நெத்திலிக் கருவாடு. கடியப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவரும் செசிலியிடம் வாங்கி வைத்திருந்தாள். நாய்க்கு உப்பு ஆகாது என்றேன். இரண்டு தண்ணீரில் அலசிக் காயவைத்துப் போட்டாள். என் பேச்சில் எதை எடுப்பது, எதை விடுவது என்று அதற்குள் அவள் தெரிந்துகொண்டிருந்தாள்.

காலுறை முடிந்து உதிர்ந்த இறக்கை. இறக்கை முடிந்து ஒரு கிழட்டு வாத்து. எதற்கும் அலட்டிக்கொள்ளாத அந்த வாத்தைத் துவர்த்துத் துண்டில் சுற்றித் தரையில் வைத்தாள். செம்பன் முதல் நாள் அதை நக்கிவிட்டுத் திரும்பிவந்தது. நாலாம் நாள் கழுத்தைக் கவ்விக்கொண்டு வந்தது. பெமிலா திட்டவில்லை, கையை நீட்டவும் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செம்பன் வாத்தை வைத்துவிட்டு அவளைப் பார்த்தது, வாத்தைப் பார்த்தது, மறுபடியும் வேறு இடத்தில் கவ்வியது. முதுகுப் பக்கமாக, இரண்டு இறக்கையும் வாய்க்குள் அடங்கும்படி. வாத்து அடித்துக்கொள்ள முடியாது, வலிக்கவும் செய்யாது. நாம் கையால் பிடிப்பதும் அப்படித்தான். உடனே பெமிலாவின் கை நீண்டது.

தண்ணீரில் இறக்கியது ஆடி மாதம். முதல் நாள் தாமரைத் தண்டு காலில் சுற்றிக்கொள்ள, செம்பன் கத்திக்கொண்டு திரும்பிவந்தது. மறுநாள் தண்டு இல்லாத பக்கமாகச் சுற்றிப் போகத் தானே கற்றுக்கொண்டது. கோரைக்குள் இருக்கிற வாத்து கரையில் நிற்கிற நாயின் கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பெமிலா ஒரு வழி கண்டுபிடித்தாள். எந்தப் பக்கம் வாத்து இருக்கிறதோ அந்தப் பக்கம் ஒரு மண்கட்டியை எறிவாள். 'தொபக்' என்று சத்தம் வந்த திசையைப் பார்த்துச் செம்பன் நீந்தும். "கொண்டா" என்று ஒரே ஒரு தடவை சொல்வாள்.

ஒரு நாள் அது வாத்துக்குப் பதிலாக ஒரு காட்டு நீர்க்கோழியைக் கொண்டுவந்தது. கோழி அதன் மூக்கைக் கொத்திக்கொண்டே வந்தது. அப்போதும் செம்பன் வாயை இறுக்கவில்லை. பெமிலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செம்பன் கோழியைக் கீழே வைத்தது. கோழி உடம்பைச் சிலுப்பிக்கொண்டு, எங்கள் எல்லோரையும் ஏசிக்கொண்டே தண்ணீருக்குள் ஓடியது. அதற்குப் பிறகு காட்டுப் பறவைகளைச் செம்பன் ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

ஆவணி பாதியில் கோலப்பன் வேட்டியை அவிழ்த்துக் காயப்போட்டார். குளத்தில் இறங்க அவசியம் இல்லாமல் போயிற்று. இத்தனைக்குப் பிறகும் செம்பன் என்னிடம் மட்டும் வராது. நான் வாசலில் ஏறினால் எழுந்து கூட்டுக்குப் பின்னால் போய்விடும். அதில் அதன் மேல் எனக்கு மரியாதைதான்.

செப்டம்பரில் ஞானசிங் வந்தான். புதன்கிழமை வந்தவன் சனிக்கிழமைக்கு வாத்து வியாபாரியை வரச் சொல்லியிருந்தான். கேரளாவிலிருந்து மினி லாரியோடு வந்து மொத்தமாக ஏற்றிக்கொண்டு போகிற ஆள். பறவைகளுக்கு நோய் உண்டா என்று பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டான். பெமிலா சண்டை போடவில்லை.

"வண்டிய வரச் சொல்லுங்க. ஆனா சாயங்காலம் நான் வாத்த அடைக்கதுவரைக்கும் நில்லுங்க. பாத்துட்டு ஏத்தணும்னா ஏத்துங்க. அதுதானே பேச்சு?"

"பேச்சுதான்" என்றான். "ஆனா ஒண்ணு. நாய் ஒரு வாத்தக் கடிச்சுதுன்னாலும் கணக்கு முடிஞ்சுது. நாயத் தொரத்திவிட்டா அடுத்த நாளே நீ தண்ணியில எறங்குவ. எனக்கு உன்னத் தெரியும்."

சனிக்கிழமை நாலு மணிக்கு வாத்துகள் கோலப்பனின் அறுத்த வயலில் மேய்ந்துகொண்டிருந்தன. அடுத்த வயலில் அறுப்பு மிஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது. அவ்வளவுதான், கூட்டம் மொத்தமும் இறக்கையை அடித்துக்கொண்டு குளத்தில் விழுந்தது. பெமிலா 'பா... பா... பா' என்று கூப்பிட, பெரும்பாலானவை திரும்பிவந்தன. எண்ணிப் பார்த்தாள். ஒன்பது குறைந்தது. ஞானசிங் பேன்ட்டை மடிக்கக் குனிந்தான்.

"நான் எறங்குகேன்."

"நில்லுங்க" என்றாள்.

மண்கட்டி ஒன்று கோரைப் பக்கம் போய் விழுந்தது. "கொண்டா." செம்பன் சத்தமே இல்லாமல் தண்ணீரில் இறங்கியது. ஞானசிங் நிமிர்ந்து பார்த்தான். முதல் வாத்து வந்தது, பெமிலாவின் விரித்த கைக்குள் இறங்கியது, சிறகை உதறிக்கொண்டு கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தது. இரண்டாவது. மூன்றாவது. வியாபாரி பீடியை அணைத்துவிட்டு வரப்பில் ஏறி நின்று பார்த்தார். ஆறாவது வரும்போது ஞானசிங்கின் முகம் இளகியிருந்ததை நான் பார்த்தேன். எட்டாவது வாத்தையும் வைத்துவிட்டு, இளைத்துக்கொண்டே செம்பன் மறுபடியும் போனது.

ஒன்பதாவது வாத்து அசையவில்லை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கழுத்தில் ரத்தக்கறை. மற்ற எட்டை வைத்த மாதிரியே அதையும் பெமிலாவின் கையில் வைத்துவிட்டு, செம்பன் கருவாட்டுக்காக அண்ணாந்து பார்த்தது.

பெமிலாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் மடியிலிருந்து ஒரு நெத்திலியை எடுத்துச் செம்பனுக்குக் கொடுத்தாள்.

"அதுக்கு இனியும் குடுக்கியா?" என்றான் ஞானசிங்.

"கொண்டான்னு சொன்னேன். கொண்டுவந்துது."

ஞானசிங் என் பக்கம் திரும்பினான். "அண்ணாச்சி, நீங்க வந்து பாத்துச் சொல்லுங்க. நாய் வேண்டாம்னு மொதல்ல சொன்னது நீங்க. நீங்க என்ன சொன்னாலும் நான் கேக்கேன்."

நான் வரப்பில் நடந்து அவர்களிடம் போனேன். பெமிலா வாத்தை என் கையில் கொடுத்துவிட்டு ஓரடி தள்ளி நின்றாள்.

வாத்து விறைத்திருந்தது. கால்களை மடக்க முடியவில்லை. கண் உள்ளே வாங்கியிருந்தது. பிடரியில் இறகை விலக்கினேன். இரண்டு துளை, கடுகு நுழைகிற அளவு. ரத்தம் கறுத்து இறுகியிருந்தது. ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து இரண்டு துளைக்கும் நடுவே வைத்து, அந்த அளவுக்கு ஒடித்தேன். "செம்பன் வாயைத் திற" என்று பெமிலாவிடம் சொன்னேன். அவள் திறந்தாள். மேலண்ணத்தில் பழைய தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அதைப் பார்க்காமல் இருக்க முயன்றுகொண்டே துரும்பைக் கோரைப்பல்லுக்கு நேரே தள்ளிப் பிடித்தேன். இரண்டு பல்லுக்கும் உள்ள இடைவெளியில் பாதிகூட அது வரவில்லை.

"இது கீரி" என்றேன். "காலையிலேயே அடிச்சுப் போட்டிருக்கு. இல்லன்னா இவ்வளவு விறைக்காது. செம்பன் செத்ததையும் சேத்துக் கொண்டுவந்திருக்கு. நீயே பாரு."

ஞானசிங் துரும்பை வாங்கினான். தானே வாத்தின் பிடரியில் வைத்துப் பார்த்தான், நாயின் வாயில் வைத்துப் பார்த்தான். வாத்தின் முதுகு இறகை விலக்கி, செம்பன் கவ்விய இடத்தில் ஏதாவது கீறல் உண்டா என்று தேடினான். தோல் சுத்தமாக இருந்தது. பிறகு வியாபாரியிடம் போய், வந்த கூலியைக் கையில் வைத்து, "தப்பா நெனைக்காதீங்க, குடுக்கிற மாதிரி இல்ல" என்றான். திரும்பி வந்தவன் வாத்துகள் நின்ற பக்கம் போய் அவற்றைக் கூட்டை நோக்கி ஓட்ட ஆரம்பித்தான். பதினாறு வருடத்தில் அவன் வாத்து ஓட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

லாரி போன பிறகு பெமிலா வரப்பில் உட்கார்ந்து அழுதாள். விரலை எடுத்தபோது அழாதவள். நான் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணாச்சி, இன்னைக்கு மாதிரி நான் ஒருநாளும் பயந்ததில்ல."

"நாய் கடிச்சிருக்குமோன்னா?"

"அதில்ல. கடிச்சிருந்தா வித்திருப்பேன், பேச்சு பேச்சுதான். நீங்க எனக்காவ பொய் சொல்லிருவீங்களோன்னு பயந்தேன். பொறவு நான் எந்த முகத்த வச்சுக்கிட்டு அவங்க முன்னால வாத்து வளக்க?"

"நான் அப்படிச் சொல்வேனா?" என்றேன்.

வரப்பில் அவர்களை நோக்கி நடந்த அந்தப் பத்துப் பன்னிரண்டு அடிக்குள் நான் முடிவு செய்திருந்தது அதுதான். செம்பனே கடித்திருந்தாலும் கீரி என்று சொல்லிவிடுவது. இறகை விலக்கிப் பார்த்தபோது பொய்க்கு அவசியம் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். இதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.